குருதியின் செய்தியும் மூளையின் செவியும்

அச்சம் வந்தபோது வயிற்றிற் புளியைக் கரைத்தது போலிருந்தது என்பது தமிழர் வழக்கு. நா வறண்டது என்பர். நெஞ்சு படபடத்தது என்பர். கைகால் நடுங்கின என்பர். உள்ளத்தில் எழுந்த ஒன்று உடலிற் போய்த் தங்குகின்றது என்பதை உலக வழக்கு எந்நாளோ அறிந்திருந்தது. அஃது எவ்வழியாற் போகின்றது, உடலிலிருந்து மூளைக்குத் திரும்பி வருவது யாது என்பவற்றை அறிவதற்கோ இருபதாம் நூற்றாண்டு முழுவதும் வேண்டியிருந்தது. அவ்வரலாற்றின் நடுவிலே நிற்பவர் அமெரிக்க விஞ்ஞானியாகிய புரூஸ் மக்கியூவன். 1938 இற் பிறந்து 2020 சனவரியில் மறைந்த அவர், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நியூயோர்க் நகரத்து ரொக்பெல்லர் பல்கலைக்கழகத்திலேயே பணியாற்றினார். அவருடைய வேலையின் பெறுமதியை உணர வேண்டுமாயின், அவருக்கு முன் வந்த இருவரை முதலில் அறிதல் வேண்டும்.

ஹாவாட் மருத்துவக் கல்லூரியில் மாணவராயிருந்த வோல்டர் கனன் என்பார், எக்ஸ் கதிர்கள் உலகிற்கு அறிவிக்கப்பட்டு ஓராண்டளவிலே, 1896 இன் இறுதியில், அக்கதிர்களைக் கொண்டு உயிருள்ள பிராணிகளின் சமிபாட்டை நோக்கத் தொடங்கினார். பிசுமது உப்புக் கலந்த உணவைப் பூனைக்கு ஊட்டி, அதன் இரைப்பை அலையலையாக அசைவதைத் திரையிற் கண்டார். சில வேளைகளில் அவ்வசைவு திடீரென நின்றுவிடும். உணவிலும் குறையில்லை, கருவியிலும் குறையில்லை. கட்டப்பட்டிருந்த பூனை வெகுண்டதே காரணம். அதனைத் தடவிக் கொடுத்து அமைதிப்படுத்தியதும் இரைப்பை தன் வேலையை மீண்டும் தொடங்கிற்று. பரிசோதனைக்கு இடையூறு என்று வேறொருவர் தள்ளியிருக்கக்கூடிய இச்சிறு நிகழ்ச்சியைக் கனன் பல ஆண்டுகள் விடாது தொடர்ந்தார். 1911 இல், குரைக்கும் நாயின் முன் வைக்கப்பட்ட பூனையின் குருதியை எடுத்துக் குடற்றசைத் துண்டொன்றின் மேல் இட்டபோது அத்தசை தளர்ந்தது. அமைதியாயிருந்த பூனையின் குருதி அவ்வாறு செய்யவில்லை. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்துள்ள அதிரினற் சுரப்பிகளின் உட்பகுதி, அதிரினலின் என்னும் பொருளைக் குருதியிற் கலந்துவிட்டது என்பதே அவர் கண்ட முடிபு.

வேதனை, பசி, அச்சம், சினம் ஆகியவற்றால் உடலில் விளையும் மாற்றங்களைப் பற்றி 1915 இல் அவர் வெளியிட்ட நூல் பெரும் புகழ் பெற்றது. இதயம் விரைகின்றது, ஈரல் தன்னிடமுள்ள சர்க்கரையை விடுக்கின்றது, குருதி குடலை விட்டுத் தசைகளுக்குப் பாய்கின்றது. இவை யாவும் எதிர்த்துப் போரிடுதற்கோ ஓடித் தப்புதற்கோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தங்கள். வயிற்றிற் கரைந்த புளி, தசைகளின் பொருட்டு வயிறு தன் பங்கை விட்டுக்கொடுத்ததன் அடையாளமே. கனன் கண்ட உலகில் இவையெல்லாம் நன்மைக்காகவே நிகழ்ந்தன. ஆபத்து நீங்கியதும் உடல் தன் சமநிலைக்கு மீளும் என்றார். அவர் 1932 இல் எழுதிய மற்றொரு நூலுக்கு 'உடலின் ஞானம்' என்றே பெயர் சூட்டினார். நீங்காத ஆபத்தின் முன் அந்த ஞானம் என்னாகும் என்னும் வினா, மற்றொருவருக்காகக் காத்திருந்தது.

அம்மற்றொருவர் ஹான்ஸ் செலி. 1907 இல் வியன்னாவிற் பிறந்து, பிராக் நகரத்தில் மருத்துவம் கற்றவர். மாணவராயிருந்த காலத்தில், வெவ்வேறு நோயால் வாடிய நோயாளர் சிலரைப் பேராசிரியர் வகுப்பிற் காட்டி ஒவ்வொருவருடைய நோய்க்கும் உரிய தனிக்குறியை விளக்கினார். செலியின் கருத்தோ அவர்கள் எல்லாரிடத்தும் பொதுவாயிருந்ததன் மேற் சென்றது: எல்லாரும் சோர்ந்திருந்தனர், எல்லாருக்கும் பசியில்லை, எல்லாரும் மெலிந்து காணப்பட்டனர். 'நோயாளியாயிருத்தல்' என்பதே ஒரு நோயோ என்று அவர் வினாவினார். அவ்வினாவை எவரும் பொருட்படுத்தவில்லை.

பின்னர்க் கனடா சென்று மொன்றியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தில் அமர்ந்த அவர், சூலகத்திலிருந்து புதிய ஓமோன் ஒன்றைக் கண்டறியும் நோக்குடன் எலிகளுக்குச் சாறுகளை ஊசி மூலம் ஏற்றினார். அதிரினற் சுரப்பியின் மேற்பட்டை வீங்கிற்று; தைமசுச் சுரப்பி சுருங்கிற்று; இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் குருதி கசியும் புண்கள் தோன்றின. புதிய ஓமோன் கையில் அகப்பட்டுவிட்டது என்று மகிழ்ந்த இளைஞர், ஐயந்தீர்க்கும் பொருட்டுப் போமலின் என்னும் நச்சுத் திரவத்தை ஏற்றிப் பார்த்தார். அதே வீக்கம், அதே சுருக்கம், அதே புண்கள். குளிரில் வைத்த எலியிலும், காயப்படுத்திய எலியிலும், ஓயாது ஓடவைத்த எலியிலும் அம்மூன்று குறிகளே தோன்றின. கனவு கண்ட ஓமோன் கைநழுவிற்று. அவ்விடத்தில் மனமுடைந்து போகாமல், பிராக் நகரத்து வகுப்பறையில் எழுந்த பழைய வினாவை அவர் நினைவுகூர்ந்தார். 1936 யூலை 4 ஆந் திகதி 'நேச்சர்' சஞ்சிகையில் ஒரு பக்கத்துக்கும் குறைந்த கடிதமாக வெளிவந்த அவருடைய செய்தி இதுவே: தீங்கு எவ்வகையினதாயினும் உடல் அதற்கு அளிக்கும் மறுமொழி ஒன்றே. முதலில் அபாய அறிவிப்பு, பின்னர் எதிர்ப்பு, தீங்கு நீடிப்பின் இறுதியில் ஒடுக்கம்.

இந்நிலைக்கு அவர் பின்னர் இட்ட பெயரே இன்று உலகமெங்கும் வழங்குவது. பொறியியலாளர் உலோகக் கம்பியின் மேற் செலுத்தும் தகைப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை அவர் இரவல் வாங்கினார். கம்பியிற் செலுத்தப்படுவது தகைப்பு, அதனாற் கம்பியில் விளைவது விகாரம் என்பது பௌதிகவியல் கற்கும் மாணவரும் அறிந்ததே. தாம் கருதியது இரண்டாவதையே என்றும், ஆங்கிலத்தில் தமக்கிருந்த குறைந்த பயிற்சியால் முதற் சொல்லை எடுத்துவிட்டதாகவும் செலியே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். தமிழிலே இலங்கை உளமருத்துவர் வழங்கும் 'நெருக்கீடு' என்னுஞ் சொல், வெளியிலிருந்து வந்து நெருக்குவதையும் உள்ளே நெருக்குண்டு தவிப்பதையும் ஒருங்கே உணர்த்துவதால், இக்குழப்பத்துக்கு ஒருவாறு தப்பியது எனலாம்.

செலியின் புகழுரைகள் பல கூறாது விடும் செய்தி ஒன்றையும் இங்கே கூறுவதே முறை. புகையிலைக் கம்பனிகளிடமிருந்து அவர் ஆராய்ச்சிக்குப் பணம் பெற்றார். 1969 இல் கனடாப் பாராளுமன்றக் குழுவொன்றின் முன் தோன்றி, நெருக்கீட்டைத் தணிக்கப் புகைத்தல் சிலருக்கு உதவும் என்னும் கருத்துப்படச் சாட்சியமளித்தார். அக்கம்பனிகளின் உட்கடிதங்கள் பிற்காலத்து வழக்குகளால் வெளிவந்தபோதே இத்தொடர்பின் அளவு தெரியவந்தது. மாரடைப்புக்கும் புற்றுக்கும் மனநெருக்கீட்டைக் காரணமாகக் காட்டிவிட்டாற் புகையிலை மேல் விழும் பழி குறையும் என்பது வணிகர் கணக்கு. நல்ல கருத்தொன்று கூலிக்குச் சென்றதைக் காணின் வருத்தமே மிகும்.

செலியின் எலிகளில் வீங்கிய மேற்பட்டை எதனைச் சுரக்கின்றது என்பது இதற்கிடையில் தெளிவாயிற்று. அதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கோட்டிசோன் 1948 இல் மூட்டுவாத நோயாளர்க்கு அளிக்கப்பட்டு, முடங்கியோரை நடக்கச் செய்தது. அவ்வேலைக்கு 1950 இல் நோபெற் பரிசு கிடைத்தது. மூளையின் அடியிலுள்ள ஐப்போதலமஸ் என்னும் பகுதி கபச்சுரப்பியை ஏவ, கபச்சுரப்பி அதிரினற் சுரப்பியை ஏவுகின்றது என்பதை ஆங்கிலேயரான ஜெப்ரி ஹரிஸ் நிலைநாட்டினார். ஏவும் பொருளை வைல் என்பவரின் குழு 1981 இற் செம்மறியாட்டு மூளைகளிலிருந்து பிரித்தெடுத்தது. அரசன் ஆணையிட, அமைச்சன் அதனைக் கொண்டு செல்ல, ஏவலன் நிறைவேற்றும் அரசு போன்றதொரு சித்திரம் இவ்வாறு உருவாயிற்று. இச்சித்திரத்தில் மூளை பேசுவது, உடல் கேட்பது.

ஆனால் அக்காலத்திலேயே சில செய்திகள் அதனோடு பொருந்தாமல் நின்றன. கோட்டிசோன் பெற்ற நோயாளருட் சிலர் காரணமின்றிப் பெருமகிழ்ச்சியுற்றனர், சிலர் உறக்கமிழந்தனர், சிலர் சித்தங் கலங்கினர். மூட்டுக்கு இட்ட மருந்து மூளைக்குச் செல்லாவிடின் இஃது எங்ஙனம் நிகழும்? மற்றொன்று, ஜோன் மேசன் என்பவர் வாஷிங்டனில் இராணுவ ஆராய்ச்சி நிலையமொன்றில் நடத்திய பரிசோதனை. பட்டினி கிடக்கும் குரங்கின் குருதியில் நெருக்கீட்டு ஓமோன் உயரும் என்பது செலியின் வழிவந்தோர் கொள்கை. மேசன், சத்தற்ற ஆனால் பழச்சுவையுள்ள உருண்டைகளைக் குரங்குகளுக்குக் கொடுத்தார். மற்றைக் குரங்குகள் உண்பதை அவை காணாதவாறும் செய்தார். உடலுக்கு உணவில்லை, ஆயினும் ஓமோன் உயரவில்லை. உயரச் செய்தது பசியன்று, தனக்கு மறுக்கப்பட்டது என்னும் உணர்ச்சியே என்று அவர் 1971 இல் எழுதினார். தீங்கு எதுவாயினும் மறுமொழி ஒன்றே என்ற செலியின் கூற்றை இது நடுவிலே பிளந்தது.

இந்நிலையிலே தான் மக்கியூவன் வருகின்றார். அவர் தொடக்கத்தில் உளநூலாருமல்லர், மருத்துவருமல்லர். இரசாயனம் கற்று, ரொக்பெல்லரிற் கலங்களின் கருவையும் அதனுள் இருக்கும் பரம்பரையலகுகளையும் ஆராய்ந்து, 1964 இற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1966 இல், நடத்தையை ஆராய்ந்த நீல் மில்லர் என்பாரின் ஆய்வுகூடத்தில் வந்து சேர்ந்தார். ஓமோன்கள் கலத்தின் கருவினுட் புகுந்து பரம்பரையலகுகளை எழுப்பவும் உறங்கச் செய்யவும் வல்லன என்று அந்நாளில் ஈரல் முதலிய உறுப்புக்களிற் காணப்பட்டது. மூளையிலும் அவ்வாறு நிகழுமோ என்பதே அவருடைய வினா.

பரிசோதனை எளிமையானது. எலிகளின் அதிரினற் சுரப்பிகள் முதலில் நீக்கப்பட்டன. ஆகவே அவற்றின் குருதியிற் சொந்த ஓமோன் இல்லை. பின்னர், கதிர்த்தொழிற்பாடுள்ள ஐதரசனை இணைத்த ஓமோன் சிறிதளவு ஏற்றப்பட்டது. மனிதரிற் கோட்டிசோல் செய்யும் வேலையை எலியிற் செய்வது கோட்டிக்கொஸ்தரோன், ஏற்றப்பட்டது அதுவே. சிறிது நேரங் கழித்து மூளை பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, எப்பகுதியில் எவ்வளவு கதிர்த்தொழிற்பாடு தங்கியுள்ளது என்று அளக்கப்பட்டது. ஆணையிடும் ஐப்போதலமஸிலேயே ஓமோன் மிகுதியாகத் தங்கும் என்பது எவரும் எதிர்பார்க்கக்கூடியது. ஏவியவனிடந் தானே ஏவலன் திரும்பி வந்து கணக்குக் கொடுத்தல் வேண்டும்? அளவைக் கருவியோ வேறிடத்தைக் காட்டிற்று. ஓமோன் மிகுந்து தங்கியிருந்தது ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியில். கடற்குதிரையை ஒத்து வளைந்திருப்பதாற் பழைய உடற்கூற்றறிஞர் அதற்கு இட்ட பெயர் அது. 1968 இல் மக்கியூவன், ஜே வைஸ், லெஸ்லி சுவார்ட்ஸ் ஆகிய மூவரின் பெயருடன் இம்முடிபு 'நேச்சர்' சஞ்சிகையில் வெளிவந்தது. செலியின் கடிதத்துக்குச் சரியாக முப்பத்திரண்டு ஆண்டுகள் பின்னர், அதே சஞ்சிகை.

இடம் ஏன் வியப்புக்குரியது என்பதை நேயர்கள் உணர வேண்டுமாயின், அதற்குப் பதினோராண்டு முன் நிகழ்ந்த ஒன்றை எண்ணுதல் வேண்டும். காக்காய் வலிப்பைத் தீர்க்கும் பொருட்டு மூளையின் இருபுறத்தும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை இழந்த இளைஞர் ஒருவர், அன்று முதல் புதிதாக எதனையும் நினைவில் நிறுத்த இயலாதவரானார் என்று 1957 இல் ஸ்கோவில், மில்னர் ஆகிய இருவர் எழுதியிருந்தனர். நினைவின் வாயில் என்று அறியப்பட்ட அவ்விடத்திலே நெருக்கீட்டின் ஓமோன் சென்று குடியேறுகின்றது என்பதை மக்கியூவனின் அளவைகள் காட்டின. மூளை பேசும், மூளை கேட்கவுஞ் செய்யும். குருதி கொண்டு வரும் செய்தியைக் கேட்டுத் தன்னையே மாற்றிக் கொள்ளவுஞ் செய்யும்.

இக்கேள்வியாற் பெறப்படும் பயன் உண்டு. போதிய ஓமோன் வந்துவிட்டது என்று ஹிப்போகாம்பஸ் அறிந்ததும், சுரத்தலை நிறுத்துமாறு கீழே செய்தி செல்கின்றது. வண்டிக்குத் தடை போல அது பயன்படுகின்றது. தடையே தேயுமாயின்? 1980 களில் மக்கியூவனும் அவருடைய மாணவர் ரொபட் சப்பொல்ஸ்கியும் இவ்வினாவை எழுப்பினர். மிகுந்த ஓமோன் ஹிப்போகாம்பஸைத் தேய்க்க, தேய்ந்த ஹிப்போகாம்பஸ் ஓமோனைத் தடுக்க மாட்டாது போக, அதனால் ஓமோன் மேலும் மிகும் என்று 1986 இல் ஒரு கொள்கை வெளியிடப்பட்டது. முதுமையில் வரும் மறதிக்கு இச்சுழலே காரணமாகலாம் என்பது அதன் சாரம். படித்தோர் பலருக்கு இஃது அச்சத்தையே ஊட்டியிருக்கும். கவலைப்படுபவர் தம் கவலையாலேயே மூளையை இழப்பர் என்றால், அக்கவலைக்கு முடிவேது?

மக்கியூவனின் பெருமை அக்கொள்கையோடு நின்றுவிடாமையிலே தங்கியுள்ளது. 1990 களின் தொடக்கத்தில் அவரது ஆய்வுகூடத்தார் எலிகளை நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலம் வீதம் இருபத்தொரு நாள் அசையவொட்டாது அடைத்து வைத்து, பின்னர் அவற்றின் நரம்புக் கலங்களை நுணுக்குக்காட்டியில் நோக்கினர். மரக்கிளைகள் போற் படர்ந்திருக்கும் கலத்தின் இழைகள் ஹிப்போகாம்பஸின் ஒரு பகுதியிற் குறுகியிருந்தன. ஆனால் கலங்கள் மடியவில்லை. அடைப்பிலிருந்து விடுவிக்கப்பட்ட எலிகளிற் பத்து நாளளவில் அக்கிளைகள் மீண்டும் நீண்டன. வளர்ந்த பிராணியின் மூளை இறுகிப்போன ஒன்று என்று பல தலைமுறையாகக் கற்பிக்கப்பட்டு வந்த காலத்தில், வெட்டிய முருங்கை துளிர்ப்பது போல நரம்புக் கலம் துளிர்க்கின்றது என்பது சிறிய செய்தியன்று. தேய்வு என்று கருதப்பட்டதில் ஒரு பகுதி, புயற்காலத்தில் மரக்கலம் பாயைச் சுருக்குவது போன்ற தற்காப்பே என்று அவர் கருதலானார்.

எல்லாப் பகுதிகளும் இவ்வாறு மீள்வதில்லை என்பதைக் காட்டியவர்கள் இந்தியர். பெங்களூரில் சுமந்திர சட்டர்ஜியின் ஆய்வுகூடம் 2002 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அதே நெருக்கீடு ஹிப்போகாம்பஸிற் கிளைகளைக் குறுக்க, அச்சத்தின் இருப்பிடமாகிய அமிக்டலாவிற் கிளைகளை வளர்த்தது. வாதுமைக் கொட்டையளவான அவ்விடத்தில் அச்சம் வேர்விட்டுப் படர்ந்தது எனலாம். இருபத்தொரு நாள் அமைதியாக விடப்பட்ட பின்னரும் அவ்வளர்ச்சி மறையவில்லை என்று 2004 இல் அவர்கள் எழுதினர். இடர் நீங்கிய பின்னும் இடரின் நினைவு நீங்காமற் சிறு ஓசைக்கும் திடுக்கிடும் மனிதரை அறிந்தோர்க்கு இம்முடிபு புதிதாயிராது. ஆயினும் காரணத்தைக் கண்ணாற் காண்பது வேறு.

தாயன்பும் இவ்வாராய்ச்சியினுள் வந்து புகுந்தது. பிறந்த சில நாட்களில் மனிதர் கையாற் சிறிது நேரம் எடுத்து வைத்துத் திரும்பத் தாயிடம் விடப்பட்ட எலிக்குஞ்சுகள், வளர்ந்த பின் நெருக்கீட்டை எளிதிற் தாங்கின என்று சீமோர் லெவின் 1957 இற் கண்டார். கையில் எடுத்தமை எங்ஙனம் நன்மை செய்யும் என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. மக்கியூவனிடம் பயின்று, செலி வாழ்ந்த மொன்றியலுக்குச் சென்ற மைக்கல் மீனி விடையைக் கண்டார். கைப்பட்டுத் திரும்பிய குஞ்சைத் தாய் மிகுதியாக நக்கித் துப்புரவாக்குகின்றது. நன்மை செய்தது மனிதர் கையன்று, தாயின் நா. அவ்வாறு பேணப்பட்ட குஞ்சுகளின் ஹிப்போகாம்பஸில் ஓமோனை ஏற்கும் வாங்கிகள் மிகுதியாயிருந்தன. அதனால் தடை நன்கு வேலை செய்தது. அவ்வாங்கிகளுக்குரிய பரம்பரையலகின் மேற் பதியும் இரசாயனக் குறிகளே தாயின் பராமரிப்புக்கு ஏற்ப வேறுபடுகின்றன என்று 2004 இல் அவருடைய குழு அறிவித்தது. கவனிப்பில் மிகுந்த தாயிடம் மாற்றி வளர்க்கப்பட்ட குஞ்சும் அத்தாயின் சொந்தக் குஞ்சு போலவே வளர்ந்தது. பிறப்பு வேறு வளர்ப்பு வேறு என்று வாதிட்டோர் இருசாராரும் சிறிது மௌனமாயிருக்க வேண்டிய இடம் இது.

எலிக்கூட்டை விட்டு மனிதர் வாழ்வை நோக்கவும் மக்கியூவன் தயங்கவில்லை. 1993 இல் எலியட் ஸ்டெல்லர் என்பாருடன் சேர்ந்து, உடல் நாள்தோறும் தன்னைச் சரிசெய்து கொள்வதனாலேயே சுமக்க நேரும் தேய்மானத்துக்கு ஒரு தனிப்பெயர் இட்டார். ஒரு பெருந் துன்பம் மனிதனைச் சாய்ப்பதிலும், முடிவில்லாச் சிறு துன்பங்களின் கூட்டுச் சுமையே சாய்ப்பது மிகுதி என்பது அவர் கருத்து. நாள்தோறும் சிறுகச் சிறுக வட்டி ஏறும் கடனைப் போன்றது அது. குருதியழுத்தம், குருதிச் சர்க்கரை, இடைச்சுற்றளவு, கோட்டிசோல் முதலியவற்றை ஒருங்கே அளந்து அச்சுமையைக் கணிக்கலாம் என்றார்.

இலண்டனில் அரசாங்க ஊழியரிடத்து நடத்தப்பட்ட ஓர் ஆராய்ச்சி இக்கருத்துக்குப் பெருந்துணையாயிற்று. 1967 இற் தொடங்கி 17,000 க்கு மேற்பட்ட ஆண்களைப் பின்தொடர்ந்து நோக்கியதில், கடைநிலை ஊழியர் இதயநோயால் இறந்த வீதம் உயர்பதவியினரின் வீதத்திலும் மும்மடங்குக்கு மேல் என்று மைக்கல் மார்மட்டும் அவருடன் உழைத்தோரும் 1978 இற் காட்டினர். எல்லாரும் தொழிலுள்ளோர்; எவரும் பட்டினி கிடந்தோரல்லர். புகைத்தல், குருதியழுத்தம் முதலியவற்றைக் கழித்துப் பார்த்த பின்னரும் வேறுபாட்டின் பெரும்பகுதி எஞ்சி நின்றது. பொறுப்பு மிகுந்த மேலதிகாரிகளே மாரடைப்பால் மடிவர் என்று அதுவரை நிலவிய எண்ணத்தை அக்கணக்கு ஒழித்தது. தன் நாளைத் தான் ஆள இயலாமை, பிறர் ஏவலுக்குக் காத்திருத்தல் ஆகியவை பொறுப்பினும் கடிய சுமைகள் போலும். உணவு கிடையாமையன்றி, மறுக்கப்பட்டமையே மேசனின் குரங்குகளை வருத்தியது என்பதும் இங்கே நினையத் தக்கது.

நெருக்கீட்டிலிருந்து காக்கும் மாத்திரை யாதென்று வினவியோர்க்கு மக்கியூவன் பெரும்பாலும் உறக்கத்தையும், நடையையும், பிறரோடு கூடி வாழ்தலையுமே சுட்டினார். எதிர்பார்த்து வந்தோர் சிலருக்கு இவ்விடை ஏமாற்றமாயிருந்திருக்கும். நடையைப் பற்றி அவர் அடிக்கடி எடுத்துக்காட்டிய ஆராய்ச்சி ஒன்று 2011 இல் அமெரிக்காவில் வெளிவந்தது. முதியோர் 120 பேர் இரு கூட்டமாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு கூட்டத்தார் கிழமைக்கு மூன்று நாள், நாற்பது நிமிடம் வீதம் ஓராண்டு விரைந்து நடந்தனர். மற்றையோர் உடலை நீட்டி மடக்கும் எளிய பயிற்சிகளை மட்டுஞ் செய்தனர். ஆண்டிறுதியில் மூளையைப் படமெடுத்து நோக்கியபோது, இரண்டாங் கூட்டத்தாரின் ஹிப்போகாம்பஸ் வயதுக்கேற்ப நூற்றுக்கு 1.4 வீதம் அளவிற் குறைந்திருந்தது. நடந்தோரிடத்து அது நூற்றுக்கு 2 வீதம் வளர்ந்திருந்தது.